பெட்டர் கால் சால்: அந்த அண்ணன் தம்பிக்கு முன்னால் துப்பாக்கியெல்லாம் தூசு

தொடர் எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரே அளவுகோல்தான். கொலை, கடத்தல், துரத்தல் எல்லாவற்றையும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, அந்தக் கதையின் இரண்டு மனிதர்களை எதிரெதிரே உட்காரவைத்தால் நான் எழுந்து போகாமல் பார்ப்பேனா? 'பெட்டர் கால் சால்' இந்தப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே தொடருக்குள் தேறாத பாதி ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

அடிப்படை விவரம்: அமெரிக்காவின் ஏஎம்சி சேனலில் 2015 பிப்ரவரியில் தொடங்கி 2022 ஆகஸ்டில் முடிந்தது. 6 சீசன், 63 எபிசோட். உருவாக்கியவர்கள் வின்ஸ் கில்லிகனும் பீட்டர் கூல்டும். கில்லிகனின் முந்தைய தொடரான 'பிரேக்கிங் பேட்'டின் இரண்டாம் சீசனில் சால் குட்மேன் என்று ஒரு வக்கீல் வந்து சேருவார். கண்ணைப் பறிக்கும் சட்டை, வாயைத் திறந்தால் பொய், எந்தக் குற்றவாளிக்கும் கைவசம் ஒரு குறுக்கு வழி. சிரிக்கவைக்கத்தான் கொண்டுவந்தார்கள். அந்த ஆளின் முன்கதை இது. அப்போது அவன் பெயர் ஜிம்மி மெக்கில்.

முன்கதை என்றாலே ஒரு தொல்லை உண்டு. யார் யார் பிழைத்துக்கொள்வார்கள் என்று நமக்கு முன்பே தெரியும். துப்பாக்கியை நெற்றியில் வைத்தாலும் ஜிம்மிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பழைய தொடரில் ஜிம்மிக்கு அண்ணன் என்று ஒருவர் கிடையாது, கிம் என்று ஒரு வக்கீல் காதலியும் கிடையாது. அவர்களைப் பற்றி ஒரு பேச்சுகூட வராது. எழுத்தாளர்கள் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். கிம் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இவள் எங்கே போனாள்? செத்தாளா, விட்டுவிட்டுப் போனாளா? எந்த வில்லனாலும் கொடுக்க முடியாத பதைப்பை அந்த ஒரு கேள்வி ஆறு சீசனுக்கும் கொடுத்தது.

முதலில் சக்கைப் பற்றிப் பேசவேண்டும். ஜிம்மியின் அண்ணன், பெரிய சட்ட நிறுவனத்தின் பங்குதாரர், சட்டத்தைச் சாமியாகக் கும்பிடுபவர். மின்சாரம் தன் உடம்புக்கு ஆகாது என்று நம்பிக்கொண்டு, வீட்டில் மின் இணைப்பே இல்லாமல் லாந்தர் வெளிச்சத்தில் வாழ்கிறார். அவரைப் பார்க்க வருபவர்கள் செல்போன், கடிகாரம், சாவி எல்லாவற்றையும் வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். தினமும் ஐஸும் செய்தித்தாளும் கொண்டுவந்து போட்டுப் பார்த்துக்கொள்வது தம்பிதான். ஊரில் சில்லறை ஏமாற்று வேலை செய்துகொண்டிருந்தவனை மீட்டுக் கொண்டுவந்து, தன் நிறுவனத்தில் தபால் பிரிக்கும் வேலை வாங்கிக் கொடுத்தவர் சக். அங்கிருந்தபடியே அண்ணனுக்குத் தெரியாமல் அஞ்சல் வழியில் சட்டம் படித்து வக்கீலாகிறான் ஜிம்மி. எல்லாம் அண்ணன் ஒருமுறை தோளில் தட்டிக்கொடுப்பார் என்ற ஆசையில்.

முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடில் குட்டு உடைகிறது. அந்த நிறுவனத்தில் தன்னைச் சேர்க்கவிடாமல் இத்தனை காலம் தடுத்தது இன்னொரு பங்குதாரரான ஹோவர்டு என்று நினைத்துக்கொண்டிருந்த ஜிம்மி, தடுத்தது சொந்த அண்ணன்தான் என்று கண்டுபிடிக்கிறான். எப்படி? வாசலில் வைத்துவிட்டுப் போன அவன் செல்போனின் பேட்டரி காலையில் தீர்ந்து கிடக்கிறது. மின்சாரத்தைத் தொட்டாலே துடிக்கிற மனுஷன், நடுராத்திரியில் அந்தச் செல்போனை எடுத்து ஹோவர்டுக்குப் பேசி, பேசிய தடயத்தையும் அழித்து வைத்திருக்கிறார். தம்பியைத் தடுக்க அந்த வேதனையைக்கூடத் தாங்கிக்கொண்டார் என்றால் உள்ளே எவ்வளவு வெறுப்பு இருக்கவேண்டும்! இத்தனையையும் ஒரு பேட்டரியை வைத்தே சொல்லிவிடுகிறார்கள்.

மூன்றாம் சீசனின் ஐந்தாம் எபிசோடிலும் பேட்டரிதான். ஜிம்மியின் வக்கீல் உரிமத்தைப் பறிக்க ஒழுங்கு விசாரணை நடக்கிறது, சக் சாட்சிக் கூண்டில். ஜிம்மி தன் பையிலிருந்து செல்போனை எடுத்து, இது உங்களை ஏதாவது செய்கிறதா என்று கேட்கிறான். சக் ஏளனமாகச் சிரிக்கிறார், அதில் பேட்டரி இல்லை என்று கண்டுபிடித்துவிட்டாராம். சரி, உங்கள் கோட்டின் மேல் பையில் என்ன இருக்கிறது பாருங்கள் என்கிறான் தம்பி. அங்கே இருக்கிறது பேட்டரி. படியேறும்போது வந்து மோதிய ஆள் நழுவவிட்டுப் போனது. ஒன்றே முக்கால் மணி நேரமாக நெஞ்சோடு ஒட்டிக்கிடந்தும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நெருப்பைத் தொட்டதுபோல் உதறுகிறார்.

இதற்குப் பிறகு சக்காக நடிக்கும் மைக்கேல் மெக்கீன் செய்வதை நான் அடிக்கடி ஓடவிட்டுப் பார்ப்பதுண்டு. கேமரா மெல்ல மெல்ல அவர் முகத்தை நோக்கி நகர்கிறது. முதலில் நிதானமாகத்தான் மறுக்கிறார். அப்புறம் 1216 என்ற எண்ணில் போய் மாட்டிக்கொள்கிறது மனது. வழக்குக் காகிதத்தில் 1216 என்ற முகவரியை 1261 ஆக்கித் தன்னை அவமானப்படுத்தியது தம்பிதான் என்று நிரூபிக்கத் துடிக்கிறார். அங்கிருந்து சின்ன வயதுக் கதைகளுக்குப் போகிறார், இவனை அப்போதே தடுத்திருக்கவேண்டும் என்கிறார், குரல் ஏறிக்கொண்டே போகிறது. திடீரென்று நிறுத்துகிறார். அறையில் எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அப்போதுதான் உறைக்கிறது. பிரிந்துபோன மனைவியும் அங்கே உட்கார்ந்திருக்கிறாள், அவளை வரவழைத்தவனும் தம்பிதான். இதில் எனக்குப் பிடித்த இடம் அந்தக் கத்தல்கூட இல்லை, கத்தி முடித்தபின் ஒன்றும் நடக்காததுபோல் குரலைச் சரிசெய்துகொண்டு கௌரவமாகப் பேச முயல்கிறார் பாருங்கள், அதுதான்.

இந்த எபிசோடு எங்கள் வீட்டில் ஒரு சண்டையாகவே ஆகிவிட்டது. நான் வீட்டுக்கு இளையவன், என் அண்ணன் என்னைவிட மிகவும் மூத்தவர். அவர் அப்பட்டமாகச் சக் கட்சி. "டேய், அந்த மனுஷன் சொன்னதுல ஒண்ணாவது பொய்யா இருக்கா? நம்பரை மாத்தினது அவன்தானே? கடைசியில சால் குட்மேன்னு போய் நின்னது யாரு?" என்று கேட்கிறார். "அவனை அப்படி ஆக்கினதே அவர்தானேண்ணா" என்றால், "தம்பிங்க எல்லாரும் இப்படித்தான்டா சொல்லுவீங்க" என்று முடித்துவிடுகிறார். யோசித்தால் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜிம்மியைப் பற்றிச் சக் சொன்ன ஒவ்வொன்றும் பலிக்கிறது. ஆனால் அம்மாவின் மரணப் படுக்கைக் காட்சி ஒன்று இருக்கிறது, இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடில். ராத்திரி முழுக்க இருவரும் காவல் இருக்கிறார்கள், ஜிம்மி சாப்பிட ஏதாவது வாங்கிவரப் போகிறான். அந்தச் சில நிமிடத்தில் அம்மா கண் திறந்து, பக்கத்திலேயே இருக்கும் பெரியவனை விட்டுவிட்டு, "ஜிம்மி" என்று கூப்பிட்டு உயிரை விடுகிறாள். திரும்பி வந்த தம்பி, அம்மா ஏதாவது சொன்னாளா என்று கேட்கிறான். இல்லை என்கிறார் சக். இந்த ஒரு பொய் போதும், அவர் யார் என்று சொல்ல. இதற்கு மட்டும் என் அண்ணனிடம் பதில் இல்லை.

தொடரின் ஆகக் கொடிய குற்றம் எது என்று கேட்டால் பாலைவனத்தையோ பிணங்களையோ நான் காட்டமாட்டேன். அது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நடக்கிறது. உரிமம் முடக்கப்பட்ட ஜிம்மி, தான் கட்டிய காப்பீட்டுப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்கப் போகிறான். கிடைக்காது என்கிறார்கள். உடனே பொலபொலவென்று அழுகிறான், அழுகைக்கு நடுவே அண்ணனுக்கு மனநிலை சரியில்லை என்று தெரியாத்தனமாக உளறிவிட்டதுபோல் நழுவவிடுகிறான். பச்சையான பழிவாங்கல். அந்தத் துளி விஷம் வேலை செய்கிறது: நிறுவனத்தின் பிரீமியம் எகிறுகிறது, ஹோவர்டு சக்கை வெளியே அனுப்புகிறார், வேலையும் கௌரவமும் போன சக் வீட்டுச் சுவரையே பெயர்த்து மின்கம்பி தேடி, கடைசியில் லாந்தரை உதைத்துத் தள்ளித் தீயில் மாண்டுபோகிறார். துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை, ஒரு மேஜையும் கொஞ்சம் கண்ணீரும்தான்.

அடுத்த சீசனின் தொடக்கத்தில் ஹோவர்டு வந்து, சக் செத்தது தன்னால்தான் என்று குமுறுகிறார். பாரம் தன்னுடையது என்று தெரிந்த ஜிம்மி, அது உங்கள் பாரம், நீங்களே சுமந்துகொள்ளுங்கள் என்கிற தொனியில் ஒரு வரி சொல்லிவிட்டு எழுந்து, மீன்தொட்டியில் மீனுக்குத் தீனி போடுகிறான், விசிலடித்தபடி. ஜிம்மி எப்போது சால் ஆனான் என்று ரசிகர்கள் ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். என் ஓட்டு இந்த மீன்தொட்டிக்கு.

ஜிம்மியாக வரும் பாப் ஓடன்கெர்க் நகைச்சுவை எழுத்திலிருந்து வந்தவர் என்பது இங்கேதான் உதவுகிறது. சிரிக்கவைக்கத் தெரிந்தவருக்குத்தான் சிரிப்பை எங்கே நிறுத்தினால் வலிக்கும் என்று தெரியும். நான்காம் சீசனின் முடிவில் உரிமத்தைத் திரும்பப் பெற அவர் செய்யும் உருக்கமான பேச்சைக் கேட்டு விசாரணைக் குழு உருகுகிறது, கிம் கண் கலங்குகிறாள், எனக்கும் தொண்டை அடைத்தது. வெளியே வந்ததும் அவன் குதிக்கிறான்: எப்படி ஏமாந்தார்கள் பார்த்தாயா! கிம்மின் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. உருகிய நாமும் அந்த ஏமாந்த கூட்டத்தில் சேர்த்திதான்.

அந்த முகத்துக்காகவே கிம்முக்குத் தனிக் கட்டுரை எழுதலாம். ரியா சீஹார்ன் இந்தத் தொடருக்கு முன் எனக்கு அறிமுகமே இல்லை. மற்றவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பதையே ஒரு நடிப்பாக இவரளவுக்குச் செய்தவர்கள் குறைவு. இழுத்துக் கட்டிய குதிரைவால் கொண்டை, எப்போதும் வேலை, எந்த உணர்ச்சியும் நேராக வெளியே வராது. ஜிம்மிக்குப் புது வேலை கிடைத்தபோது 'உலகின் இரண்டாவது சிறந்த வக்கீல்' என்று ஒரு காப்பிக் குவளை பரிசளிக்கிறாள். நிறுவனம் கொடுத்த விலையுயர்ந்த காரின் குவளைத் தாங்கியில் அது நுழையவே மாட்டேன் என்கிறது, பின்னால் ஒரு நாள் அவன் கடப்பாறைக் கணக்காக ஒரு இரும்பைப் போட்டு அந்தத் தாங்கியையே நெம்பி உடைக்கிறான். மூன்று சீசன் கழித்து, பாலைவனத்திலிருந்து உயிர் தப்பி வந்தவன் வழியில் கார் கெட்டுவிட்டது, நடந்துவந்தேன் என்று கதை விடும்போது, அவன் பையில் அந்தக் குவளையைப் பார்க்கிறாள் கிம். குண்டு துளைத்த ஓட்டை. ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் பொய் பிடிபடுகிறது. ஒரு பொருளை அறிமுகப்படுத்தி இவ்வளவு தூரம் பொறுமையாகத் தூக்கிவரும் எழுத்தைப் பார்த்தால் கைதட்டாமல் இருக்க முடியவில்லை.

கிம் நல்லவள், ஜிம்மி கெடுத்தான் என்று தொடர் கதையை எளிதாக்கியிருக்கலாம். ஆக்கவில்லை. ஹோவர்டின் பெயரைக் கெடுக்கும் திட்டத்தில் அவன் தயங்கியபோது முன்னால் இழுத்துப் போனவளே அவள்தான். ஹோவர்டு அவர்கள் வீட்டு நடுக்கூடத்தில் சுடப்பட்டு விழுந்தபின், அவருடைய நினைவுக் கூட்டத்தில் அவர் மனைவியிடமே பொய் சொல்லி அந்தப் பழியை உறுதிப்படுத்துபவளும் அவளே. வீட்டுக்கு வந்து மூட்டை கட்டுகிறாள். போதைப்பொருள் கும்பலின் லாலோ உயிரோடிருப்பது தனக்கு முன்பே தெரியும், சொன்னால் நாம் பிரிந்துவிடுவோம், எனக்கோ இதெல்லாம் மிகவும் பிடித்திருந்தது என்கிறாள். செத்துப்போகவும் இல்லை, யாரும் துரத்தவும் இல்லை. தன்னையே பார்த்துப் பயந்து விலகிப் போகிறாள். ஆறு சீசனாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் இருக்க முடியாது.

கடைசிக்கு முந்தைய எபிசோடில் பேருந்தில் உட்கார்ந்தபடி அவள் உடைந்து அழும் காட்சி வருகிறது. அடக்கப் பார்க்கிறாள், மூச்சு திணறுகிறது, கேமரா அசையாமல் நிற்கிறது. பக்கத்து இருக்கையிலிருந்து முகம் தெரியாத ஒருவரின் கை வந்து தோளில் படுகிறது. ரியா சீஹார்னுக்கு இந்தத் தொடருக்கான முதல் எம்மி பரிந்துரையே 2022-இல்தான் கிடைத்தது, இத்தனை நாள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ! மொத்தத் தொடருக்கும் 53 எம்மி பரிந்துரை, வாங்கியது பூஜ்யம். விருதுகளைப் பற்றி இதற்கு மேல் நேரம் செலவிட வேண்டாம்.

ஹோவர்டைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் எபிசோடில் பாட்ரிக் ஃபேபியனின் கச்சிதமான தலைமுடியையும் நீல சூட்டையும் பார்த்ததும் இவர்தான் வில்லன் என்று எல்லோரும் முத்திரை குத்துவோம். ஒவ்வொரு சீசனாக அந்த முத்திரை கழன்று, கடைசியில் அந்தக் கூட்டத்திலேயே நிம்மதியாக உறங்கத் தகுதியான ஒரே ஆள் அவர்தான் என்றாகிறது. சாகும்முன் இருவரையும் பார்த்து அவர் கேட்கும் கேள்விகளுக்கு அவர்களிடம் பதில் இல்லை. எனக்கும் இல்லை, ஏனென்றால் அந்தத் திட்டத்தை நானும் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இனி, தேறாத பாதி. போதைப்பொருள் கும்பல். இங்கே முன்கதையின் தொல்லை முழுசாகத் தலைதூக்குகிறது. கும்பல் முதலாளி கஸ் சாகமாட்டார், அவருடைய ஆள் மைக் சாகமாட்டார், எதிராளி ஹெக்டர் சக்கர நாற்காலிக்குப் போவார், எல்லாம் தெரிந்ததே. நான்காம் சீசனில் நிலத்தடியில் ஆய்வகம் தோண்டுகிறார்கள், தோண்டுகிறார்கள், தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த இடம் எதற்கு, அதற்கு என்ன ஆகும் என்று பழைய தொடரைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். கடைசியில் ஜெர்மன் பொறியாளர் வெர்னரை மைக் நட்சத்திர வெளிச்சத்தில் அழைத்துப்போகும் காட்சி உலுக்குகிறதுதான், ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு சீசன் கூலி அதிகம்.

மைக் வாயே திறக்காமல் ஒரு காரை உருப்படி உருப்படியாகப் பிரித்துக் கண்காணிப்புக் கருவி தேடும் நீண்ட காட்சியைக் கொண்டாடும் ரசிகர்கள் உண்டு. எனக்கும் பிடிக்கும். பொறுமைதான் அந்த ஆள், அதைப் பொறுமையாகவே காட்டுகிறார்கள். ஆனால் அதே உத்தியைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது சலித்துவிடுகிறது. கும்பலில் சிக்கிக்கொண்ட நாச்சோ மட்டும் விதிவிலக்கு. அவன் முடிவு நமக்குத் தெரியாது, அவனுக்கு ஒரு அப்பா இருக்கிறார், அப்பாவைக் காப்பாற்றவே ஒவ்வொரு அடியும் வைக்கிறான். கும்பல் கதையில் மனிதர் என்று ஒருவர் நுழைந்ததும் எல்லாம் உயிர் பெறுகிறது, என் அளவுகோலுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? லாலோவாக வரும் டோனி டால்டன் வசீகரம்தான், சிரித்துக்கொண்டே வருவார், வந்தால் அறை குளிர்ந்துவிடும். ஆனால் அவர் ஒரு ஆபத்து, அவ்வளவுதான். உள்ளே போய்ப் பார்க்க ஒன்றும் வைக்கவில்லை. லாலோ ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

முடிவைப் பற்றி என் அண்ணனும் நானும் வழக்கத்துக்கு மாறாக ஒத்துப்போகிறோம். 'பிரேக்கிங் பேட்' கதை முடிந்தபின் தலைமறைவாக இருந்து பிடிபட்ட ஜிம்மி தன் வாய்ச் சாமர்த்தியத்தால் ஆயுள் தண்டனையை ஏழரை ஆண்டாகக் குறைத்துவிடுகிறான். பிறகு கிம் பார்த்துக்கொண்டிருக்க நீதிமன்றத்தில் எழுந்து அத்தனையையும் தானே ஒப்புக்கொள்கிறான். பட்டியலில் கடைசியாக வருவது அண்ணன். காப்பீட்டு அலுவலகத்தில் செய்ததைச் சொல்கிறான். பக்கத்தில் இருக்கும் வக்கீல், அது சட்டப்படி குற்றமே இல்லையே என்கிறார். குற்றம்தான் என்கிறான் ஜிம்மி. 86 ஆண்டு. சட்டம் கேட்காத ஒன்றுக்கு ஒரு வக்கீல் தானாகத் தலை குனிகிறான், அதுவும் சட்டத்தையே வணங்கிய அண்ணனுக்காக. மூன்றாம் சீசனில் போட்ட முடிச்சை ஆறாம் சீசனின் கடைசி எபிசோடில்தான் அவிழ்க்கிறார்கள். அதுவரை காத்திருந்த எழுத்தாளர்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

அந்த எபிசோடில் 'பிரேக்கிங் பேட்' நாயகன் வால்டர் ஒயிட் தலைகாட்டும் பழைய நினைவுக் காட்சி அவசியமே இல்லை, பழைய ரசிகர்களுக்குப் போட்ட தீனி. சக் வரும் நினைவுக் காட்சி வேறு ரகம். ஐஸ் கொண்டுவந்த தம்பியிடம், கொஞ்ச நேரம் உட்கார்ந்து உன் கேஸைப் பற்றிப் பேசேன் என்று அவராகவே கேட்கிறார். தம்பி மழுப்பிவிட்டுக் கிளம்புகிறான். "பாத்தியா, யாரு பேச மாட்டேன்னது?" என்றார் அண்ணன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: 'பிரேக்கிங் பேட்' முதலில் பார்த்தே ஆகவேண்டும் என்பார்கள். அண்ணன் தம்பி கதைக்கும் கிம்முக்கும் அது தேவையில்லை, ஆனால் கடைசி சீசனின் கறுப்பு வெள்ளைப் பகுதிகள் பாதிதான் புரியும். அதனால் பார்த்துவிட்டு வருவதே நல்லது. ஆரம்பம் மெதுவாகத்தான் இருக்கும், மறைக்கவில்லை. செல்போன் பேட்டரி தீர்ந்து கிடக்கும் அந்த ஒன்பதாவது எபிசோடு வரை பொறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம், மீதி 54 எபிசோடும் அதே சரக்குதான்.